முகூர்த்தம் பார்க்கும் கல்லீரல்

எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டி எடுத்தாலும் எலி பிழைத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் செல்கள் பெருகி, கல்லீரல் சில நாட்களில் பழைய எடைக்கு வந்துவிடும். ஜப்பானின் ஹிதோஷி ஒகமுரா குழு இதில் ஒரு வினோதமான கேள்வியைக் கேட்டது: அறுவையைக் காலையில், கூண்டில் விளக்கு எரியத் தொடங்கும்போது செய்தால் என்ன, எட்டு மணி நேரம் தள்ளிச் செய்தால் என்ன?

2003இல் விடை வெளியானது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் வேலை இரு கூட்டத்திலும் அறுவைக்குப் பின் ஒரே இடைவெளியில் நடந்தது. ஆனால் செல் இரண்டாகப் பிரிவது முதல் கூட்டத்தில் 48 மணி நேரத்திலும், தாமதமாக அறுக்கப்பட்டதில் 40 மணி நேரத்திலும் உச்சம் தொட்டது. கூட்டிப் பாருங்கள்: இரண்டும் கூண்டில் விளக்கு எரியத் தொடங்கும் அதே வேளை! தயாராகிவிட்ட செல்களும் முகூர்த்தத்துக்குக் காத்திருந்தன.

காக்க வைப்பது 'வீ1' என்ற புரதம். 1970களில் எடின்பரோவில் பால் நர்ஸ் ஈஸ்ட் செல்களில் இதன் மரபணுவைக் கண்டறிந்தார். அது பழுதானால் செல் போதுமான அளவு வளரும் முன்பே பிரிந்து குட்டையாகிவிடும். ஸ்காட்லாந்து வழக்கில் 'வீ' என்றால் குட்டி. பிரிவைத் தொடங்கிவைக்கும் சிடிகே1 நொதிக்கு வீ1 பூட்டுப் போடுகிறது.

பூட்டின் சாவி உடல் கடிகாரத்திடம் இருக்கிறது. கிளாக், பிமால்1 என்ற இரு புரதங்கள் சேர்ந்து பெர், கிரை மரபணுக்களை முடுக்குகின்றன. அவற்றிலிருந்து உருவாகும் புரதங்கள் திரும்பி வந்து, முடுக்கியவர்களையே அடக்குகின்றன, பிறகு சிதைகின்றன, சுற்று மீண்டும் தொடங்குகிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். வீ1 மரபணுவை முடுக்குவதும் இதே ஜோடிதான். கிரை இல்லாத எலிகளில் ஜோடியை அடக்க ஆளில்லை, வீ1 மிகுந்துவிடுகிறது, கல்லீரலும் மந்தமாகவே வளர்கிறது.

நேரம் தப்பினால் விலை உண்டு. 2011இல் அசிஸ் சன்ஜார் குழு எலிகளின் தோலில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சியது. அதிகாலை 4 மணிக்குப் பட்டவற்றில், மாலை 4 மணிக்குப் பட்டவற்றைவிடச் சுமார் ஐந்து மடங்கு தோல் கட்டிகள் வந்தன. அதிகாலையில் டி.என்.ஏ. படியெடுப்பு மும்முரமாகவும் பழுதுபார்ப்பு மந்தமாகவும் இருந்ததே காரணம். எலி இரவில் நடமாடும் பிராணி. மனிதருக்கு இது தலைகீழாக இருக்கலாம் என்று அக்குழு கருதியது. அதை வைத்துக் காலை வெயிலுக்கு நற்சான்று கொடுக்க நான் தயாரில்லை. எலித் தோல் எலித் தோல்தான்.