வெறுங்கை துணிகிறது, நடுத்தரக் கை அடங்குகிறது

போக்கரில் ஃபிளாப் விரிக்கப்பட்டதும் பந்தயம் கட்டுவதா, பொறுத்திருப்பதா என்பதைக் கணக்குப் போட்டுத் தீர்மானிக்க முடியுமா, அல்லது எல்லாம் எதிராளியின் முகத்தைப் படிக்கும் சாமர்த்தியம்தானா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பகுதி கணக்குதான். அதுவும் பள்ளியில் படித்த நிகழ்தகவு.

டெக்ஸஸ் ஹோல்டெம் ஆட்டத்தில் உங்கள் கையில் இரண்டு சீட்டுகள். மேசையில் முதலில் விரியும் மூன்று பொதுச் சீட்டுகள்தான் ஃபிளாப். இன்னும் இரண்டு வரவேண்டும். உங்களிடம் இரண்டு ஆட்டின் (ஹார்ட்ஸ்), ஃபிளாப்பில் இரண்டு ஆட்டின் என்றால், இன்னொன்று வந்தால் ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ். உங்களுக்குத் தெரியாத சீட்டுகள் 47, அவற்றில் ஆட்டின் 9. இரண்டு முறையும் தவறும் வாய்ப்பு 38/47 × 37/46, அதாவது சுமார் 65%. ஃப்ளஷ் அமையும் வாய்ப்பு 35%.

மேசை நடுவில் 100 சில்லுகள் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் 50 கட்ட நினைக்கிறீர்கள். கையில் ஒன்றுமே இல்லையென்றால், மூன்றில் ஒரு தடவைக்கு மேல் எதிராளி விலகினால்தான் லாபம். ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் கையின் கதை வேறு. அது அமைந்தால் வெற்றி, இல்லையேல் தோல்வி, பிறகு யாரும் பந்தயம் கட்டுவதில்லை என்று கொள்வோம். பந்தயம் கட்டாமல் பொறுத்திருந்தால், அதாவது செக் செய்தால், சராசரி வரவு 35. பந்தயத்துக்கு எதிராளியும் அதே 50-ஐப் போட்டு ஈடுகட்டினால் குவியல் 200. அதில் 35% என்பது 70. போட்ட 50 போக மிச்சம் 20. அவர் விலகினாலோ 100 முழுதும் உங்களுக்கு. அவர் விலகும் வாய்ப்பு 19%-ஐ எட்டினாலே பந்தயம் செக்கை முந்திவிடுகிறது.

என்னை மயக்குவது இதற்கு அடுத்த படி. நடுத்தரமான ஒரு ஜோடி கையில் இருக்கிறது. பந்தயம் கட்டினால் யார் விலகுவார்? உங்களைவிட மோசமான கை வைத்திருப்பவர். அவரை எப்படியும் வென்றிருப்பீர்கள். யார் ஈடுகட்டுவார்? பெரும்பாலும் உங்களைவிட நல்ல கை வைத்திருப்பவர். ஆகவே செக்.

விளையாட்டுக் கோட்பாட்டின் தந்தை ஜான் வான் நியூமனின் பெயரால் வழங்கும் எளிய போக்கர் மாதிரியில் சீட்டே இல்லை. ஆளுக்கு 0 முதல் 1 வரை ஓர் எண். முதல் ஆட்டக்காரர் பந்தயம் கட்டலாம் அல்லது செக் செய்யலாம். மற்றவர் ஈடுகட்டலாம் அல்லது விலகலாம். அதன் விடை: மிக உயர்ந்த எண்களுக்கும் மிகத் தாழ்ந்த எண்களுக்கும் பந்தயம், இடைப்பட்டவற்றுக்கு செக். நடுத்தரக் கை சீட்டைத் திறந்து காட்டினாலே சில வேளை வெல்லும். மிகத் தாழ்ந்த கைக்கு அந்த வழியில்லை. எதிராளி விலகினால்தான் அதற்கு வாழ்வு. மோசமான கையுடன் நல்ல கை இருப்பதுபோல் பந்தயம் கட்டும் புரட்டு துணிச்சலால் பிறப்பதல்ல, கணக்கின் விளைவு என்பதை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

எவ்வளவு புரட்டலாம் என்பதற்கும் அளவு உண்டு. கடைசிச் சீட்டும் வந்தபின் குவியல் அளவுக்கே பந்தயம் கட்டினால், எதிராளி 100 போட்டு 200-ஐ வெல்லப் பார்க்கிறார். உங்கள் பந்தயங்களில் மூன்றில் ஒன்று புரட்டாக இருந்தால், ஈடுகட்டுவதும் விலகுவதும் அவருக்கு ஒன்றே. ஃபிளாப்பில் இந்தப் பங்கு இன்னும் கூடலாம். ஃப்ளஷுக்குக் காத்திருக்கும் கை போன்றவை அங்கே மிகப் பொருத்தமான புரட்டுகள், ஏனெனில் மாட்டிக்கொண்டாலும் மீள வழி இருக்கிறது.

‘நாலு முறை தவறிவிட்டது, இம்முறை வந்தே தீரும்’ என்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கலைத்த கட்டுக்கு நேற்றைய ஆட்டம் நினைவில் இருக்காது. சீட்டாட்ட ஆராய்ச்சிக்கு நிதி எதற்கு என்று கேட்பவர்களுடனும் நான் உடன்படவில்லை. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தின் லிப்ரேட்டஸ் என்ற கணினி நிரல் 2017-இல் 1,20,000 ஆட்டங்களில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றது. எவர் முகத்தையும் பார்க்காமல், கணக்கினாலேயே அது புரட்டியது. எதிராளி கணிக்க முடியாதபடி முடிவெடுக்கும் இதே கோட்பாட்டைக் கொண்டு, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையம் 2007-இலேயே தன் சோதனைச் சாவடிகளின் நேரத்தை மாற்றி மாற்றி அமைத்தது.

மேலே சொன்ன கணக்கெல்லாம் ஓர் எதிராளிக்கு. இருவர் இருந்து, ஒவ்வொருவரும் பாதித் தடவை விலகினாலும், இருவரும் சேர்ந்து விலகும் வாய்ப்பு 25%தான். வெறுங்கையுடன் 100-க்கு 50 கட்டும் புரட்டுக்குத் தேவையோ 33%. அங்கே பொறுத்திருப்பதே கணக்கு.