பொடுகுக்கு எண்ணெய்தான் சாப்பாடு

சலூனில் கழுத்தில் கட்டிவிடும் கறுப்புத் துணியைப் பார்த்தாலே தலையின் நிலவரம் தெரிந்துவிடும். போன மே மாதம் மயிலாப்பூரில் முடி வெட்டிக்கொண்டபோது, மடியில் விழுந்த முடியோடு உப்பைத் தூவியது போல வெள்ளைத் துகள்களும் கிடந்தன. "மண்டை காய்ஞ்சு போச்சு சார், டெய்லி எண்ணெய் வைங்க" என்றார் வெட்டியவர். அக்கறையாகத்தான் சொன்னார். என் அம்மாவும் அதையே சொல்வார். மூன்று வாரம் விடாமல் வைத்தேன். அரிப்பு கூடியது. துகள் பெரிதாகி, மஞ்சளாகி, நகத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது.

பொடுகு வறட்சியால் வருகிறது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது எண்ணெய் இருக்கும் இடத்தில் வருவது. நம் எல்லோர் தலையிலும் மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை குடியிருக்கிறது. 1874-இல் பொடுகுச் செதிலில் இதைக் கண்டு விவரித்த பிரெஞ்சுக்காரர் லூயி சார்ல் மலசேயின் பெயரைத்தான் பிறகு இதற்கு வைத்தார்கள். தனக்குத் தேவையான கொழுப்பு அமிலத்தைத் தானே தயாரித்துக்கொள்ள இதற்குத் தெரியாது. அதனால் எண்ணெய்ச் சுரப்பிகள் நிறைந்த தலை, மூக்கோரம், புருவம், காதின் பின்புறம் என்று பார்த்து ஒட்டிக்கொள்கிறது. ஆய்வுக்கூடத்தில் இதன் பல வகைகளை வளர்க்க வேண்டுமானால் தட்டின் மேல் ஆலிவ் எண்ணெயை ஊற்றுவார்கள். நான் மூன்று வாரமாக என் தலையில் செய்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான்!

இந்தப் பூஞ்சை லைபேஸ் என்ற நொதியைச் சுரந்து தலையின் எண்ணெயை உடைக்கிறது. தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, ஓலியிக் அமிலம் போன்றவற்றை அப்படியே விட்டுவிடுகிறது. அந்த மிச்சம் தோலுக்குள் இறங்குகிறது. சிலருடைய தோல் அதைத் தாங்கிக்கொள்ளும். சிலருடையது எரிச்சலடைந்து புதிய செல்களை அவசர அவசரமாக மேலே தள்ளும். சாதாரணமாக ஒரு தோல் செல் அடியிலிருந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒவ்வொன்றாக உதிர்வதால் கண்ணுக்குத் தெரியாது. அவசரத்தில் பாதி முதிர்ந்த செல்கள் கொத்தாக ஒட்டியபடியே வருகின்றன. சட்டையில் விழுவது அந்தக் கொத்துதான். ஒரே வீட்டில் ஒரே எண்ணெய் வைக்கும் அண்ணனுக்கு இருந்து தம்பிக்கு இல்லாமல் போவதும் இப்படித்தான். சென்னை வெயிலில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை ஹெல்மெட்டோடு போகிறவர்களில் பலருக்கு, உள்ளே தேங்கும் வியர்வை அரிப்பை இன்னும் கூட்டிவிடும்.

அப்போ எண்ணெயே வேண்டாமா? தேங்காய் எண்ணெய் முடிக்கு நல்லது. முடியின் தண்டுக்குள் ஊடுருவி, தலை அலசும்போது புரதம் வீணாவதைக் குறைக்கிறது. பொடுகு இருக்கும்வரை மண்டையில் தேய்க்காமல், முடியின் நீளத்துக்கு மட்டும் தடவி, ஒரு மணி நேரத்தில் அலசிவிடுங்கள்.

வைத்தியத்துக்கு வருவோம். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 2 சதவீதம் உள்ள ஷாம்பு நன்றாகக் கேட்கும். "போட்டும் போகவில்லை" என்கிறவர்களிடம் எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நுரை வந்ததும் அலசியிருப்பார்கள். மருந்து வேலை செய்ய நேரம் வேண்டும். முடியைப் பிரித்து, விரல் நுனியால் தோலில் படும்படி தேய்த்து, 3 முதல் 5 நிமிடம் அப்படியே விட வேண்டும். வாரம் இரண்டு முறை, 2 முதல் 4 வாரம். அப்புறம் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு முறை போதும். பூஞ்சை முழுக்க ஒழியாது என்பதால் அடியோடு நிறுத்தினால் பொடுகு திரும்ப வரும். செலினியம் சல்பைடு, ஜிங்க் பைரிதியோன் ஷாம்புகளும் உதவும். எலுமிச்சைச் சாறு மட்டும் வேண்டாம். அது பட்ட தோலில் வெயில் பட்டால் புண்ணாகிக் கருத்துப்போகலாம்.

செதில் எல்லாமே பொடுகாகவும் இருக்காது. தடித்த வெள்ளிநிறப் படலம் நெற்றி ஓரம் தாண்டி இறங்கி, முழங்கையிலும் தென்பட்டால் அது சொரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். காசு அளவில் வழவழவென்று முடி உதிர்ந்தால் புழுவெட்டு. பெயரில்தான் புழு இருக்கிறது. உடலின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது அது.

நான் அதிகம் கவலைப்படுவது பள்ளிக் குழந்தைகளைப் பற்றித்தான். வயதுக்கு வரும் முன் எண்ணெய்ச் சுரப்பிகள் பெரிதாக வேலை செய்யாததால் அந்த வயதில் பொடுகு குறைவு. ஆறு வயதுக் குழந்தையின் தலையில் செதிலும், முடி ஒடிந்த திட்டும் தெரிந்தால் அது படர்தாமரையாக இருக்க வாய்ப்பு அதிகம். படர்தாமரையின் பூஞ்சை முடிக்குள்ளேயே போய்விடுவதால் ஷாம்பு மட்டும் எட்டாது, வாரக்கணக்கில் மாத்திரை தேவை. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் தோல் பிரிவில் காட்டினால், செதிலைச் சுரண்டி, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அதுவரை அந்தக் குழந்தையின் சீப்பும் துண்டும் தனியாக இருக்கட்டும்.