முதுகுக்குப் பின்னால் 15 மீட்டர்

வாசகர் ஒருவர் கொஞ்சம் சூடாகவே கேட்டிருக்கிறார்: "ஃப்ளை ஃபிஷிங் செய்பவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்? 20 மீட்டர் தள்ளி நின்றாலும் முகம் சுளிக்கிறார்கள், பின்னால் நடந்தால் கத்துகிறார்கள். ஆறு என்ன அவர்கள் அப்பன் வீட்டுச் சொத்தா?"

சொத்து இல்லைதான். ஆனால் அவர்கள் கேட்கிற இடைவெளியில் பெரும்பகுதி இயற்பியல் கேட்கிற இடைவெளி. வெறும் கெத்துக்காகக் கேட்பவர்களும் உண்டு, அவர்களை விட்டுவிடுவோம்.

சாதாரணத் தூண்டிலில் நரம்பின் நுனியில் ஈயக் குண்டோ கனமான பொய்மீனோ இருக்கும். வீசினால் அது நரம்பை இழுத்துக்கொண்டு போய் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் இருப்பது முள்ளின் மேல் இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது. எவ்வளவு பலமாக எறிந்தாலும் காற்று அதை நிறுத்திவிடும். அதனால் எடையை லைனிலேயே, அதாவது தூண்டில் கயிற்றிலேயே, வைத்துவிட்டார்கள். ட்ரவுட் மீனுக்குப் பரவலாகப் பயன்படும் 5ஆம் எண் லைனில் முதல் 9 மீட்டர் மட்டும் சுமார் 9 கிராம். எறியப்படுவது லைன்தான், பூச்சி அதோடு சேர்ந்து போகிறது.

இப்படி நீளமான, வளையக்கூடிய ஒன்றை முன்னால் எறிய வேண்டுமானால் முதலில் அதைப் பின்னால் முழுசாக நீட்டியாக வேண்டும். தொய்வாகக் கிடந்தால் தூண்டில் தடியை எவ்வளவு ஆட்டினாலும் தொய்வைச் சுருட்டுவதிலேயே விசை வீணாகும். ஆக, முன்னால் 15 மீட்டர் போக வேண்டுமானால் பின்னாலும் ஏறக்குறைய 15 மீட்டர் பறக்க வேண்டும். மனிதருக்குக் கண் முன்பக்கம்தானே இருக்கிறது! பின்னால் யார் வருகிறார் என்று அவருக்குத் தெரியாது.

சரி, எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். தடியைச் சுண்டி டக்கென்று நிறுத்தியதும் லைனில் என்ன நடக்கிறது?

லைனின் ஒரு முனை தடி நுனியில் மாட்டியிருக்கிறது. தடி நின்றதால் அதுவும் நிற்கிறது. மறுமுனை இன்னும் பறந்துகொண்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் லைன் படுத்த 'U' மாதிரி வளைகிறது. அந்த U-வின் மேல் கை ஓடுகிறது, கீழ்க் கை கிட்டத்தட்ட அசையாமல் நிற்கிறது. மேல் கையின் ஒவ்வொரு துண்டும் வளைவைச் சுற்றி வந்து கீழ்க் கையில் சேர்ந்து நின்றுவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் வளைவு முன்னேறுவது தெரியும். அதன் வேகம் மேல் கையின் வேகத்தில் சரிபாதி.

நின்றுபோன துண்டின் இயக்க ஆற்றல் எங்கே போயிற்று? அழிய வழியில்லை. இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மிச்சத்துக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் அந்த மிச்சமோ குறைந்துகொண்டே வருகிறது. அதே ஆற்றல், கொஞ்சமான நிறை. வேகம் ஏறியே தீர வேண்டும். காற்றே இல்லை என்று வைத்துக்கொண்டால், மேல் கையில் கால் பங்கு மிஞ்சும்போது வேகம் 2 மடங்கு, நூறில் ஒரு பங்கு மிஞ்சும்போது 10 மடங்கு. நிஜத்தில் காற்று இதில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. லைன் போகப்போக மெலிந்துகொண்டே போவது ஓரளவு ஈடுகட்டுகிறது. காற்று ஜெயித்தால் பூச்சி மெதுவாகத் தண்ணீரில் இறங்கும். பின்வீச்சு முழுசாக நீளும் முன்பே அவசரப்பட்டு முன்னால் இழுத்தால் பளாரென்று ஒரு சத்தம் கேட்கும், சில நேரம் பூச்சியே அறுந்து போய்விடும். அது சாட்டையின் சத்தம் போல அல்ல, சாட்டைச் சத்தமேதான். அரிசோனா பல்கலைக்கழகத்தின் ஆலன் கோரியெலியும் டைலர் மக்மில்லனும் 2002இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: சாட்டை வெடிப்பது அதன் வழியே ஓடும் வளைவு ஒலியின் வேகத்தைத் தாண்டுவதால்தான்.

சாட்டையை ஆராய யாராவது நிதி கேட்டால் நம் ஆராய்ச்சி நிதிக் குழுக்கள் சிரித்து அனுப்பிவிடும் என்பது என் சந்தேகம். ஓடும் கயிற்றின் அதே கணக்குதான் கப்பல் பின்னால் இழுத்துப் போகும் கேபிளுக்கும் வேண்டும். பயன் என்ன என்பதை விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வது அபத்தம்.

இனி பூச்சியை யோசித்துப் பாருங்கள். நிறை இல்லை, ஆனால் கூர்மை இருக்கிறது. அடிபட்டுக் காயமாவதைவிடக் குத்திக் காயமாவதுதான் இங்கே ஆபத்து. உலோக மணி கோத்த பூச்சி இன்னும் மோசம். இந்த மணிகளுக்குப் பயன்படும் டங்ஸ்டனின் அடர்த்தி ஈயத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த மணி லைனின் பாதையைவிட்டுத் தாழ்ந்து தலை உயரத்தில் வரும். எறிபவருக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக்கில் செய்த மூக்குக்கண்ணாடி அவசியம். முள் நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், தோலில் குத்தினாலும் வந்த வழியே எடுத்துவிடலாம். கண்ணில் குத்தினால் மட்டும் தொடவே கூடாது, அப்படியே மருத்துவரிடம் போக வேண்டும்.

வலது கைக்காரரின் லைன் அவருடைய வலப்பக்கம் பறக்கிறது. பக்கத்தில் நின்றே ஆக வேண்டுமென்றால் இடப்பக்கம் நில்லுங்கள். ஆனால் வலப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் லைன் அவர் தலைக்கு மேலேயே தள்ளப்பட்டு உங்கள் பக்கம் வரும், அப்போது இந்தக் கணக்கு செல்லாது. நெரிசலான கரையில் பின்வீச்சே இல்லாத 'ரோல் காஸ்ட்' நல்ல வழி. லைனின் ஒரு பகுதி தண்ணீரில் கிடக்க, தண்ணீரின் பிடிப்பே பின்வீச்சின் வேலையைச் செய்துவிடும்.

யார் பின்னாலாவது போக வேண்டியிருந்தால் தூரத்திலிருந்தே குரல் கொடுங்கள். இங்கேதான் ஒரு மூடநம்பிக்கை குறுக்கே வருகிறது: பேசினால் மீன் ஓடிவிடுமாம். காற்றில் வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீருக்குள் நுழைகிறது, மிச்சம் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மீனைக் கலைப்பது காலடி. கரையைத் தொம்மென்று மிதிப்பதும், ஆற்றுக்குள் கூழாங்கற்கள் கரகரவென்று உரசுவதும் நேரடியாகத் தண்ணீருக்குள் போகும் அதிர்வுகள். "பின்னால் வருகிறேன்" என்று கத்துவதால் ஒரு மீனும் போகாது. மௌனவிரதம் இருந்து ஒருவர் கண்ணைப் பறிகொடுப்பது என்ன நியாயம்?

பின்னால் இல்லாமல் பக்கவாட்டில் தள்ளி நின்றாலும் ஏன் முகம் சுளிக்கிறார்கள்? அதற்கு மீனின் பார்வை காரணம். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, மாறுநிலைக் கோணம் சுமார் 49 பாகை. இது பள்ளிப் பாடம். வெளியிலிருந்து வரும் வெளிச்சம் தண்ணீருக்குள் அந்தக் கோணத்துக்கு மேல் சாய முடியாது, அதனால் மீனுக்கு வெளியுலகம் முழுவதும் தலைக்கு மேல், இருபுறமும் சேர்த்துச் சுமார் 97 பாகை வட்டத்துக்குள் சுருங்கித் தெரிகிறது. சுருக்கம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. தொடுவானத்தை ஒட்டிய கீழ் 10 பாகை, வட்டத்தின் விளிம்பில் வெறும் 1 பாகையாக நசுங்கிவிடும். அந்தச் சாய்வில் வரும் வெளிச்சத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேற்பரப்பிலேயே எதிரொளித்துவிடும். தண்ணீர் மட்டத்தில், 10 மீட்டர் தள்ளி நிற்கும் 1.8 மீட்டர் மனிதர் கிட்டத்தட்ட அந்த நசுங்கிய கோட்டுக்குள் அடக்கம். அதே ஆள் 2 மீட்டர் உயரக் கரையில் ஏறி நின்றால் மீனுக்குக் கிட்டத்தட்ட 3 மடங்கு பெரிதாகத் தெரிவார். ஒருவர் அரைமணி நேரம் குனிந்து பதுங்கி மீனை நெருங்கியிருக்கும்போது, நீங்கள் எதிர்க்கரை மேட்டில் நிமிர்ந்து நடந்தால் அவர் உழைப்பெல்லாம் பாழ். கரை விளிம்பைவிட்டு உள்ளே தள்ளி நடந்தால் போதும்.

ஓடும் நீரில் எந்தத் திசையில் இடம் விடுவது என்பதும் முக்கியம். மீன்கள் பெரும்பாலும் நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும். உலர்பூச்சி, அதாவது நீர்மேல் மிதக்கும் பொய்ப்பூச்சி, போடுபவர் மீனின் முதுகுப்பக்கமாக, நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கிப் போவார். அவருக்கு மேலே நீங்கள் இறங்கினால் நீங்கள் கலக்கும் சேறு அவர் மீன்மேல்தான் வந்து சேரும். ஆகவே "எந்தப் பக்கம் போறீங்க?" என்று முதலில் கேளுங்கள். மேலே போகிறார் என்றால் அவருக்குக் கீழே இறங்குங்கள். சால்மன் மீன் பிடிக்கும் மடுக்களில் எல்லோரும் கீழ்நோக்கியே நகர்வார்கள். புதிதாக வருபவர் மடுவின் மேல்முனையில் கடைசி ஆளுக்குப் பின்னால் இறங்கி, ஒரு வீச்சு, ஓர் அடி என்று இறங்கிக்கொண்டே போக வேண்டும். கீழ்முனைக்கு வந்ததும் கரையேறி, விருப்பமிருந்தால் மறுபடி மேலே போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.