போக்கர் சீட்டாட்டத்தில் ஸ்டாக் (stack) என்றால் என்ன, அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

ஒன்லைன் போக்கர் ஆடுகிற உவர்மலைப் பெடியளிடம் கேட்டால், "அவன்ட ஸ்டாக்கைப் பார், ஆள் ஆரெண்டு தெரியும்" என்பார்கள். பாதி சரி.

ஸ்டாக் என்பது ஒருவர் அந்த மேசையில் தனக்கு முன்னால் வைத்திருக்கிற சிப்ஸ், அதாவது பந்தயம் கட்டுகிற வில்லைகள், மொத்தமும். வங்கியில் எவ்வளவு கிடந்தாலும், ஒரு கை, அதாவது சீட்டுப் போட்டு ஆடுகிற ஒரு சுற்று, நடக்கும்போது முன்னால் இருப்பதற்கு மேல் ஒரு சதமும் கட்ட முடியாது. சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது, அங்கே அதற்கு வைக்கோற்போர் என்று பொருள். தம்பலகாமத்தில் வெட்டின கதிரை அடுக்கி வைக்கிற சூடு மாதிரி. போன் திரையில் அடுக்கும் இல்லை, குவியலும் இல்லை, வெறும் எண்தான்.

அந்த எண்ணை வைத்து ஆளை எடைபோடலாமா? பிளைண்ட் என்பது சீட்டைப் பார்க்குமுன் இருவர் கட்டாயமாகக் கட்டுகிற தொகை, அதில் பெரியது பிக் பிளைண்ட். காசு மேசைகளில் பெரும்பாலும் 100 பிக் பிளைண்ட்தான் முழு இருப்பு, அதாவது பிளைண்ட் ஒன்றும் இரண்டும் என்றால் 200. ஒவ்வொரு கையும் சரியாக 200இல் தொடங்குகிறவர், குறைந்தவுடன் தானாக நிரம்பும்படி போட்டு வைத்திருப்பார். அநேகமாகப் பழகின ஆள். 74.35 என்று தேய்ந்துபோயும் நிரப்பாமல் இருக்கிறவர் பொழுதுபோக்க வந்தவராக இருக்கலாம். ஆனால் சரியாக 80 கொண்டுவந்து, இரட்டித்ததும் எழும்பிப் போகிறவரை இளக்காரமாகப் பார்த்தால் அவ்வளவுதான், குறைந்த இருப்பை வேண்டுமென்றே எடுத்துக் கணக்கோடு ஆடுகிற வகை அது. 450 வைத்திருப்பவரா? இரண்டு கை நன்றாக விழுந்திருக்கும், வேறொன்றும் சொல்ல முடியாது. டோர்னமென்டில் இந்தக் கணிப்பெல்லாம் எடுபடாது, எல்லோரும் ஒரே அளவில்தான் தொடங்குகிறார்கள்.

சரி, தமிழில்? அடுக்கு, குவை இரண்டும் உருவத்தைத்தான் சொல்கின்றன, குவையில் செய்யுள் வாடை வேறு. சில்லுக்குவியல் என்று எழுதினால் எங்கள் பக்கம் சைக்கிள் சில்லுதான் ஞாபகம் வரும். கையிருப்பு நல்ல சொல், ஆனால் மேசைக்கு வெளியே இருக்கிற காசோடு குழம்பிவிடும். அதனால் என் தெரிவு மேசையிருப்பு. இருவர் மோதினால் குறைந்தவருடைய மேசையிருப்புதான் எல்லை என்பதையும் இதில் சுலபமாகச் சொல்லலாம்: உங்களிடம் 450, எதிராளியிடம் 80 என்றால், அவரோடு மோதுகிற அந்தக் கையில் உங்கள் மீதி 370 சும்மா கிடக்கும்.