உள்நாட்டுச் செடி வேறு, உள்ளூர்ச் செடி வேறு

டர்பன் நர்சரிகளில் செப்டம்பர் வந்தால் கூட்டம் கூடிவிடும். அந்த மாதத்தின் முதல் வாரம் தென்னாப்பிரிக்காவில் மர வாரம். வசந்தமும் அப்போதுதான் தொடங்குகிறது. ‘இன்டிஜினஸ்’, அதாவது உள்நாட்டுச் செடி என்று எழுதிய பலகைக்குக் கீழே வரிசையாகத் தொட்டிகள் இருக்கும். நாட்டின் தேசிய மலரான கிங் புரோட்டியாவும் அதில் ஒன்றாக இருந்தால், நகரின் சட்ஸ்வர்த் பகுதியிலோ ஃபீனிக்ஸ் பகுதியிலோ வீடு வைத்திருப்பவர் ஆசையாக ஒன்றை வாங்கிவந்து, குழி தோண்டி, எலும்புத்தூளும் உரமும் தாராளமாகப் போட்டு நடுவார். அடுத்த கோடைக்குள் இலை ஓரம் கருகி, செடி செத்துப்போகும். தண்ணீர் போதவில்லையோ என்று கூடுதலாக ஊற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும்.

செடி இந்த நாட்டுச் செடிதான். பிரச்சினை, இந்த ஊர்ச் செடி இல்லை என்பதில் இருக்கிறது.

கிங் புரோட்டியா நாட்டின் தென்கோடியில், கேப் பகுதி மலைகளில் வளர்வது. கேப் டவுன் பக்கம் மழை குளிர்காலத்தில் பெய்யும். கோடை காய்ந்து கிடக்கும். டர்பனில் நேர்மாறு. அக்டோபரிலிருந்து மார்ச் வரை புழுக்கமும் மழையும், ஜூன் ஜூலையில் வறட்சி. சூடும் ஈரமும் சேர்ந்த மண் பைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம். புரோட்டியா வகைகள் அதற்கு எளிதில் பலியாகும்.

எலும்புத்தூள் செய்யும் வேலை இன்னும் சுவாரசியமானது. கேப் மலைகளின் மண் மணற்பாறை கரைந்து உண்டானது. பாஸ்பரஸ் சத்து அதில் மிகக் குறைவு. அந்தப் பஞ்சத்தில் பிழைக்கப் புரோட்டியா குடும்பம் தனி வகை வேர் ஒன்றை உருவாக்கிக்கொண்டது. பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நெருக்கமாக முளைக்கும் மெல்லிய வேர்க்கொத்து அது. அந்தக் கொத்து சிட்ரிக் அமிலம் போன்ற அமிலங்களை மண்ணில் கசியவிடும். இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கிடக்கும் பாஸ்பரஸ் விடுபட்டு வரும். வேர் அதை உறிஞ்சிக்கொள்ளும். தேவையான அளவு கிடைத்ததும் உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ள மற்ற செடிகளுக்குத் தெரியும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு மிகவும் பலவீனம். லட்சக்கணக்கான ஆண்டுகளாக ‘போதும்’ என்று சொல்ல வேண்டிய நிலையே அவற்றுக்கு வரவில்லை. பாஸ்பரஸ் நிறைந்த எலும்புத்தூளைப் போட்டால் நிறுத்தாமல் குடிக்கும், இலையில் பாஸ்பரஸ் குவியும், அதுவே நஞ்சாகும். தேசிய மலர் என்ற பட்டம் அரசாங்கம் கொடுத்தது. வேருக்கு அது தெரியாது.

சரி, அப்படியானால் டர்பனுக்கு எது உள்ளூர்ச் செடி? நாட்டு எல்லையை மறந்துவிட்டு மழை, மண், பனி மூன்றையும் பார்க்க வேண்டும். மொசாம்பிக் எல்லையிலிருந்து தெற்கே இறங்கும் இந்தக் கிழக்குக் கடற்கரைப் பட்டைக்குக் கோடை மழை உண்டு, உறைபனி அநேகமாகக் கிடையாது. டர்பன் நகரத்தின் பெரும்பகுதி பெரியா செம்மணல் என்ற சிவந்த மண்மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் பட்டையில் தானாக வளர்ந்துவந்த செடிகள்தான் நமக்கு உள்ளூர்ச் செடிகள்.

அவற்றில் பல நமக்கு உறவுமுறை. ஜுலு மக்கள் உம்டோனி என்று சொல்லும் மரம் நம் நாவலின் நெருங்கிய சொந்தம். இலையைப் பார்த்தாலே தெரியும், பழத்தைப் பறவையும் குரங்கும் மனிதரும் தின்பார்கள். உம்சின்சி என்பது கல்யாண முருங்கையின் இனம். இலை வருவதற்கு முன்பே செக்கச்செவேலென்று பூத்துத் தேன்சிட்டுகளை அழைக்கும். செங்காந்தள் உறவுகூட இல்லை, அதே செடிதான். தமிழ்நாட்டின் மாநில மலர், டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தின் கடற்கரைக் காட்டிலும் தானாகவே கொடியேறிக் கிடக்கிறது. (கிழங்கில் கொல்கிசின் என்ற கடும் நஞ்சு உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் யோசித்து நடுங்கள்.)

உள்ளூர்ச் செடிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்? தண்ணீர் குறைவாகப் போதும், பராமரிப்பு சுலபம் என்றெல்லாம் விற்பவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் சின்னக் காரணம். பெரிய காரணம் இலையின் வேதியியல்.

செடியால் ஓடமுடியாது, தின்ன வருபவரை ரசாயனத்தால்தான் தடுக்கும். ஒவ்வொரு செடிக் குடும்பத்துக்கும் அதற்கென ஒரு நஞ்சு. அந்த நஞ்சைத் தாங்கப் பழகிக்கொண்ட பூச்சி அந்தக் குடும்பத்தை மட்டுமே நம்பி வாழும். இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: ஒரு குடும்பம், சிலசமயம் ஒரே பேரினம். எருக்கின் உறவான பலூன் பால்செடி என்ற கோம்ஃபோகார்ப்பஸ் டர்பன் சாலையோரங்களில் தானாக முளைக்கும். முடி முளைத்த பச்சைப் பந்து மாதிரிக் காய் காய்ப்பது. அதை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரிபோட்ட புழு ஒன்று இலையைத் தின்பதற்கு முன் நடுநரம்பைக் கடித்துப் பள்ளம் பண்ணும். பால் அங்கேயே சொட்டி வடிந்துவிடும். அதற்குப் பிறகு பால் வராத நுனிப் பகுதியை நிதானமாகத் தின்னும். அந்தப் பாலில் இருக்கும் கார்டினோலைடு நஞ்சு பெரும்பாலான விலங்குகளின் செல்களில் சோடியத்தையும் பொட்டாசியத்தையும் வெளியே உள்ளே கடத்தும் பம்பை முடக்கி இதயத்தைக் கெடுக்கக்கூடியது. இந்தப் புழுவுக்கு அதைத் தாங்கும் திறன் உண்டு. கொஞ்சத்தை உடம்பில் சேர்த்தும் வைத்துக்கொள்ளும். ஒருமுறை தின்று வாந்தியெடுத்த பறவை மறுபடி தொடாது. வளர்ந்து வெளிவருவது ஆரஞ்சு நிற ஆப்பிரிக்க மோனார்க் வண்ணத்துப்பூச்சி. தமிழ்நாட்டில் எருக்கஞ்செடியில் முட்டையிடும் அதே வண்ணத்துப்பூச்சிதான்.

வேலி முழுக்க வெளிநாட்டுச் செடியாக இருந்தால் பூச்சி முட்டையிட இடமில்லை. பூச்சி இல்லையென்றால் பறவைக் குஞ்சுக்குச் சோறில்லை. தேன் குடிக்கிற தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும்தான் ஊட்டும். எனவே நர்சரியில் இலையில் ஓட்டை விழுந்த தொட்டியைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். மருந்தடித்துப் பளபளவென்று நிற்பதைவிட அது நல்ல சகுனம்.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆக்கிரமிப்புச் செடி எப்படி உருவாகிறது என்பது புரியும். ஊரைவிட்டு வரும் மரம் தன்னைக் கடிக்கும் பூச்சிகளையும் நோய்களையும் பின்னால் விட்டுவிட்டு வருகிறது. சிரிங்கா என்கிற மலைவேம்பைப் பாருங்கள். 1860-ல் மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்கும் அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் இங்கே வேம்பு கைக்கு எட்டவில்லை. மாரியம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதில் சிரிங்கா இலை கட்டும் வழக்கம் அப்படி வந்ததுதான். மரம் அழகுதான், நிழலும் தரும். ஆனால் பழத்தைக் கொண்டைக்குருவியும் பழந்தின்னி வௌவாலும் தூக்கிக்கொண்டு போய் ஓடைக்கரைகளில் போட்டுவிடுகின்றன. 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் சிரிங்கா ஆக்கிரமிப்புப் பட்டியலில் இருக்கிறது. நகரத்துக்குள் ஏற்கெனவே நிற்பதை வைத்துக்கொள்ளலாம். புதிதாக நடவோ விற்கவோ கூடாது. உண்ணிச்செடியும் அதே பட்டியலில்தான். நம் நாவலும் இந்த மாகாணத்தில் அதில் அடக்கம்; அந்த ஆசைக்கு உம்டோனி போதும். இன்னொன்று: வீட்டை விற்கும்போது தோட்டத்தில் பட்டியலிட்ட செடி இருந்தால் வாங்குபவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி. பலருக்குத் தெரியாது.

கடைக்குப் போனால் ‘இன்டிஜினஸா?’ என்று மட்டும் கேட்டுத் திரும்பாதீர்கள். தாவரவியல் பெயர் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லாவிட்டால் அந்தப் பெயரைக் கேளுங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி, விதை எங்கிருந்து எடுத்தது? பெயர் ஒன்றாக இருந்தாலும் இடத்துக்கு இடம் சுபாவம் மாறும். ஸ்வீட் தார்ன் என்ற வெள்ளை முள் மரம் கடலைவிட்டுத் தள்ளி உள்ளே இருக்கும் கரூ என்ற வறண்ட பகுதியில் ஒரு மாதிரி, நட்டால் கடற்கரையில் வேறு மாதிரி. பனியைத் தாங்கப் பழகிய வம்சத்து விதையைக் கடலோரத்தில் நட்டால் அது தளிர்க்கும் காலமும் பூக்கும் காலமும் இங்குள்ள பூச்சிகளின் காலத்தோடு பொருந்தாமல் போகலாம். பக்கத்துக் காட்டு விதையிலிருந்து வளர்க்கும் சிறு நர்சரிக்காரர் இதற்குச் சட்டென்று பதில் சொல்வார். பெரிய கடைகளில் பெரும்பாலும் தோளைக் குலுக்குவார்கள்.

விதையில் வந்ததா, குச்சி வெட்டி வளர்த்ததா என்பதும் கேட்கத் தகுந்தது. குச்சியில் வந்தவை எல்லாம் ஒரே தாயின் நகல்கள். உம்க்வென்யா என்ற காட்டு பிளம், மாமரத்தின் குடும்பம், டர்பன் தெருக்களில் நிழலுக்கு நிறைய நட்டிருக்கிறார்கள். அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பழம் வேண்டுமென்றால் பெண் மரம் வேண்டும். பக்கத்தில் ஆணும் இருக்க வேண்டும். நாற்றுப் பருவத்தில் பார்த்துச் சொல்ல முடியாது. இடமிருந்தால் விதைக்கன்றுகளாக இரண்டு மூன்று வாங்குவதே வழி. நகல் மட்டும் மிஞ்சினால் என்ன ஆகும் என்பதற்கு டர்பன் தாவரவியல் பூங்காவிலேயே சாட்சி நிற்கிறது. 1895-ல் ஓங்கோயே காட்டில், அந்தப் பூங்காவின் பொறுப்பாளராக இருந்த ஜான் மெட்லி வுட் கண்ட, பனை போலத் தோன்றும் சைக்கட் வகை மரம் அது. கிடைத்தது ஒரே ஓர் ஆண் மரம். உலகம் முழுக்க இன்று இருப்பவை எல்லாம் அதன் பக்கக்கன்றுகள். பெண் இதுவரை அகப்படவில்லை.

சைக்கட் என்றதும் ஒரு எச்சரிக்கை. இந்த நாட்டுச் சைக்கட் மரங்களை வாங்க, விற்க, வைத்திருக்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் மலிவாகக் கிடைத்தால் காட்டிலிருந்து திருடியதாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

திருட்டைவிடக் கோடாலி அழித்த செடிகளும் உண்டு. மிளகுப்பட்டை மரம் என்ற இசிபாஹாவின் பட்டையை நாட்டு மருந்துச் சந்தைக்காக உரித்து உரித்தே அரிதாக்கிவிட்டார்கள். காட்டு இஞ்சி இந்த மாகாணத்தில் காட்டிலிருந்தே மறைந்துவிட்டதாகக் கருதப்படுகிறது. சட்ஸ்வர்த்தில் சில்வர்கிளென் காப்பகத்துக்குள் நகராட்சி மருத்துவச்செடி நாற்றங்கால் அமைத்தது இதுபோன்ற செடிகளைத் தொட்டியில் பெருக்கத்தான். காட்டில் தோண்டுவதற்குப் பதில் வளர்த்து விற்கட்டும் என்ற யோசனை.

காட்டு இஞ்சி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். நம் மஞ்சள் செடி மாதிரியே நடலாம்: அரைநிழல், இலைமக்கு கலந்த பொலபொலப்பான மண், கோடையில் தண்ணீர். பூ இலையோடு சேராமல் தரையை ஒட்டித் தனியாக எழும். குளிர்காலத்தில் மேற்பகுதி முழுக்கக் காய்ந்து மறைந்துவிடும். தொட்டியில் வெறும் மண்தான் தெரியும். செத்துவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள், கிழங்கு அழுகிவிடும். வசந்தத்தில் முளை தலைகாட்டிய பிறகு ஊற்றத் தொடங்கினால் போதும்.