டால்டாவுக்குப் பதிலா வெண்ணெய் போட்டா பட்டை குக்கீ ஏன் பரந்து போகுது?

போன டிசம்பர்ல வீட்டுல கிறிஸ்துமஸ் பலகாரம் போட்டுட்டு இருந்தோம், ஒரு அடுப்புல முந்திரிக்கொத்து, இன்னொண்ணுல அச்சுமுறுக்கு, நான் மட்டும் ஓவன் பக்கம். பட்டைத்தூளும் சீனியும் கலந்து அதுல மாவு உருண்டைய உருட்டி சுடுற குக்கீ அது, அமெரிக்கால ஸ்னிக்கர்டூடுல்னு சொல்றாங்க. ரெசிப்பில ஷார்ட்னிங் போடச் சொல்லிருந்துச்சு, அதாவது நம்ம டால்டா மாதிரி கெட்டிக்கொழுப்பு, நான் அதே எடைக்கு வெண்ணெய் போட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு கதவ திறந்தா பன்னெண்டு உருண்டையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே தோசையா கெடக்கு. அத்தை எட்டிப் பாத்துட்டு "டால்டா போட்டாத்தான் மக்ளே உருவம் நிக்கும்"னு சொன்னாவ. சொன்னது சரிதான். ஆனா ஏன் நிக்குதுன்னு புரிஞ்சுட்டா வெண்ணெயிலயும் நிக்க வைக்கலாம்.

டால்டா முழுக்க கொழுப்பு, தண்ணியே கிடையாது. கடைல வாங்குற டேபிள் பட்டர்ல 80 சதவீதம்தான் கொழுப்பு, 16 சதவீதம் வரைக்கும் தண்ணி, மீதி உப்பும் பால்ல இருந்து வந்த புரதமும் பால் சர்க்கரையும். அப்போ 100 கிராம் டால்டாவுக்கு 100 கிராம் வெண்ணெய் போட்டா கொழுப்பு 20 கிராம் குறையுது, கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணி நமக்குத் தெரியாமலே மாவுக்குள்ள போயிருது. வீட்டுல தயிர் கடஞ்சு எடுக்குற வெண்ணெயா இருந்தா தண்ணி இன்னும் கூட இருக்கும், கையில உருட்டும்போதே துளித்துளியா கசியும் பாருங்க, அதுதான்.

இந்தத் தண்ணி ரெண்டு வேலை பண்ணும். சீனியக் கரைச்சு பாகாக்கி மாவ இளக்கி விடும், அதே நேரம் மைதால இருக்கிற புரதத்த இழுவையா கோத்து விடும், பரோட்டா மாவுல வருமே அந்த இழுவை. கொழுப்போட வேலை இதுக்கு நேரெதிர், மாவுத்துகள் மேல படிஞ்சு தண்ணிய ஒட்ட விடாம அந்த இழைய குட்டையாவே வச்சிரும், ஷார்ட்னிங்ங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதான். வீட்டுல மைதால டைமண்ட் பிஸ்கட் போடும்போது சூடான எண்ணெய மாவுல ஊத்தி பிசிறுறோம்ல, கடிச்சா பொலபொலன்னு உடையுறதுக்கு, அதே விஷயம்.

ஆனா என் தட்டு தோசையானதுக்கு பெரிய காரணம் தண்ணி இல்ல, நம்ம ஊர் சூடு. வெண்ணெய் 32 டிகிரில இருந்து 35 டிகிரிக்குள்ள முழுசா உருகிரும். நாகர்கோவில்ல டிசம்பர் மழைக்காலம்னாலும் மத்தியானம் ரெண்டு அடுப்பு எரியிற சமையல்கட்டு 30 டிகிரிக்கு கொறயாது, அந்தச் சூட்டுல வெண்ணெய்ல கட்டியா மிச்சம் இருக்கிற கொழுப்பு ரொம்ப கொஞ்சம். ரெசிப்பி எழுதுனவங்க ரூம் டெம்பரேச்சர்னு சொல்றது 20 டிகிரிய, நம்ம ரூம் அது இல்ல, இத யாரும் சொல்லித் தர மாட்டேங்குறாங்கங்கிறது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வெண்ணெயையும் சீனியையும் சேத்து அடிக்கும்போது சீனித்துகள் வெண்ணெய்க்குள்ள குட்டிக்குட்டியா காத்துக்குழி போடும், அந்தக் குழி நிக்கணும்னா வெண்ணெய் கொஞ்சம் கட்டியா இருக்கணும். விரல வச்சு அமுக்குங்க, குழி விழுந்து அப்படியே நின்னா சரி, விரல் வழுக்கிட்டு உள்ள போயி பளபளன்னு எண்ணெய் தெரிஞ்சா ஃப்ரிட்ஜ்ல திருப்பி வைங்க.

ஓவனுக்குள்ள நடக்குறது ஒரு ஓட்டப்பந்தயம். ஒரு பக்கம் கொழுப்பு உருகி மாவு பரவப் பாக்குது, இன்னொரு பக்கம் முட்டைப் புரதமும் மைதா ஸ்டார்ச்சும் 60, 70, 80 டிகிரின்னு சூடு ஏற ஏற இறுகி மாவ நிப்பாட்டப் பாக்குது. டால்டா மெதுவா இளகும், அதனால இறுகுறதுக்கு நேரம் கெடைக்கும். வெண்ணெய் முந்திக்கும். அப்போ நாம செய்ய வேண்டியது வெண்ணெய பின்னால இழுக்குறதுதான், உருண்டைய உருட்டி ஃப்ரிட்ஜ்ல ஒரு மணிநேரம் வச்சு ஜில்லுன்னு நேரா 200 டிகிரி ஓவனுக்குள்ள தள்ளணும், தட்டும் ஆறுன தட்டா இருக்கணும், சூடான தட்டுல அடுத்த ஈடு வச்சீங்கன்னா கீழ்ப்பக்கம் அங்கயே உருக ஆரம்பிச்சிரும்.

இந்தக் குக்கீயோட லேசான புளிப்பு கிரீம் ஆஃப் டார்டார்ல இருந்து வருது. திராட்சை ஒயின் ஊற வைக்குற பீப்பாய்ல உள்பக்கம் படியுற உப்பு அது, டார்டாரிக் அமிலத்தோட பொட்டாசியம் உப்பு, அந்த அமிலம்தான் நம்ம மீன் குழம்புக்கு கரைக்குற புளியிலயும் இருக்கு. இது ஆப்பசோடாவோட சேந்து கார்பன் டை ஆக்சைடு விட்டு குக்கீய பொங்க வைக்கும். குளிர்ந்த தண்ணில ரொம்ப கொஞ்சமாத்தான் கரையும், கொதிக்குற தண்ணில பத்து மடங்கு கரையும், அதனால மாவு ஃப்ரிட்ஜ்ல ஜில்லுன்னு இருக்கும்போது கேஸ் வீணாகுறது கொறயும்.

பட்டை விஷயத்துல நாம கொடுத்து வச்சவங்க. நம்ம மாவட்டத்து மலையில கிராம்பு விளையுறது ஊருக்கே தெரியும், கன்னியாகுமரி கிராம்புக்கு 2021ல புவிசார் குறியீடும் கெடச்சுது, கறுவாப்பட்டையும் இங்க வளரும், பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பிபிஐ(சி) 1னு ஒரு பட்டை ரகமே வெளியிட்டிருக்கு. நல்ல பட்டை மெல்லிசா காகிதம் சுருட்டுன மாதிரி பல அடுக்கா இருக்கும், கையால நொறுக்கலாம். மொத்தமா ஒரே சுருளா மரக்கட்டை மாதிரி கெடந்தா அது கேசியாங்கிற வேற வகைப் பட்டை, காரம் ஜாஸ்தி, அளவு மீறினா கல்லீரலுக்கு ஆகாத கூமரின்ங்கிற பொருளும் ஜாஸ்தி. பட்டைய மணக்க வைக்குற சின்னமால்டிஹைடு கொழுப்புல நல்லா கரையும், அதான் ஓரத்துல வெண்ணெய் கசிஞ்சு பட்டைச்சீனியோட சேந்த இடம் அவ்ளோ ருசி.

அப்போ ஏன் இவ்ளோ பாடுபட்டு வெண்ணெய்? மணம்தான். பால் புரதமும் பால் சர்க்கரையும் 140 டிகிரி தாண்டுனதும் ஒண்ணோட ஒண்ணு வினைபுரிஞ்சு பொன்னிறமாகும், 1912ல பிரெஞ்சுக்காரர் மயார் விளக்குன வினை இது, நெய் உருக்கும்போது அடில செவக்குற கசண்டும் இதுதான். டால்டால அந்தப் புரதமே இல்ல. அதோட வெண்ணெய் வாய்ச்சூட்டுல கரைஞ்சு போயிரும், டால்டா மேலண்ணத்துல மெழுகு மாதிரி கொஞ்ச நேரம் ஒட்டிட்டு நிக்கும்.

இப்போ நான் 100 கிராம் டால்டாவுக்கு 110 கிராம் வெண்ணெய் போடுறேன், மைதா ஒரு டேபிள்ஸ்பூன் கூட்டிக்கிறேன், உப்பு தனியா போடுறதில்ல. ஒம்பது நிமிஷத்துல ஓரம் இறுகி நடு இன்னும் வேகாத மாதிரி பொதுபொதுன்னு இருக்கும்போதே வெளிய எடுத்துருவேன், தட்டுச் சூட்டுலயே அஞ்சு நிமிஷத்துல அது வெந்துரும். போன வாரம் செஞ்சதுல மேல அழகா வெடிப்பு விட்டு தனித்தனியா நின்னுச்சு, அத்தை ஒண்ண பிச்சு வாயில போட்டுட்டு "கொள்ளாம்"னு சொல்லிட்டு இன்னொண்ணுக்கு கைய நீட்டுனாவ.