அங்கிள், இதைத் தீட்டித் தர முடியுமா?

சனிக்கிழமை மதியம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் என் வீட்டு கராஜில் புல் வெட்டும் இயந்திரத்தின் பிளேடு ஒன்றைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தேன். தெருக்கோடி வீட்டுப் பையன் வந்தான். இராணுவத்தின் இரண்டு வருடப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். வாரக் கடைசி விடுப்பில் வந்திருந்தான். துண்டில் சுற்றிய ஒன்றை மேசைமேல் வைத்துப் பிரித்தான். பழைய ஜெர்மன் பயனெட், துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி. ஃப்ளீ மார்க்கெட்டில் வாங்கினானாம்.

“அங்கிள், இதைத் தீட்டித் தர முடியுமா? சவரக் கத்தி மாதிரி வேணும். முகாமுக்குக் கொண்டுபோறேன்.”

“அங்க கொடுத்தது என்னாச்சு?”

“அதுல வாழைப்பழம்கூட நறுக்க முடியாது அங்கிள்.”

இருபது வருடத்துக்கு மேல் படையில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். துப்பாக்கி, பயனெட், உறை, வார் எல்லாம் என் மேசைக்கு வந்துதான் போகும். ஒவ்வொரு ஆட்சேர்ப்பிலும் இந்தக் கேள்வியோடு ஒருவனாவது வருவான். அன்று அவனிடம் சொன்னதையும், சொல்ல நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பிள்ளைகளைப் படைக்கு அனுப்பியிருக்கும் பெற்றோரும், வீட்டுப் பரணில் தாத்தா காலத்துக் கத்தி வைத்திருப்பவர்களும் படித்தால் நல்லது.

பயனெட் மொட்டையாக இருப்பது யாரோ சோம்பேறித்தனமாக விட்டதால் என்று பையன்கள் நினைக்கிறார்கள். அது குத்துவதற்காகச் செய்த கருவி. வேலை செய்வது முனை. முனை ஒழுங்காக இருந்தால் போதும், ஓரம் எலுமிச்சம்பழத்தை நறுக்குகிறதா என்று பார்க்கத் தேவையில்லை.

நம்ப முடியவில்லை என்றால் டண்டீ பக்கம் ரோர்க்ஸ் டிரிஃப்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். 1879 ஜனவரி 22 மாலையில் தொடங்கி மறுநாள் விடியும்வரை, பிரிட்டிஷ் தரப்பில் ஏறக்குறைய 150 பேர் மக்காச்சோள மூட்டைகளை அடுக்கி அரண் கட்டிக்கொண்டு, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஜூலு வீரர்களை எதிர்த்து நின்ற இடம். மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கியின் முனையில் அவர்கள் மாட்டியிருந்த பயனெட் 21.5 அங்குல நீளம், வெட்டிப் பார்த்தால் முக்கோணம். அதில் தீட்டுவதற்கு ஓரமே கிடையாது! பின்னாளில் இரண்டாம் உலகப் போருக்கு வந்த பிரிட்டிஷ் நான்காம் எண் துப்பாக்கியின் பயனெட்டும் அப்படித்தான், எட்டு அங்குலக் கம்பி, முனை மட்டும். எங்கள் பழைய ஆர்1 துப்பாக்கிக்கு வந்ததன் பிடி குழல் மாதிரி இருக்கும்; துப்பாக்கி முனையில் அப்படியே செருகிக்கொள்ளலாம். அதற்குக் கத்தி போல அலகு உண்டு. ஆனாலும் சவரக் கத்தி ஆக்கும் உத்தேசத்தோடு யாரும் அதைச் செய்யவில்லை.

சரி, அப்படியானால் பயனெட்டை யாருமே தீட்டியதில்லையா? தீட்டியிருக்கிறார்கள். கத்தி வடிவப் பயனெட் வைத்திருந்த படைகளில் அது மேலிருந்து வரும் உத்தரவு. சமாதான காலத்தில் மொட்டையாகவே கிடக்கும். 1914இல் போர் அறிவித்தபோது பிரிட்டிஷ் படையில் ஆர்மரரின் சாணைக்கல் முன் வாளும் பயனெட்டும் வரிசை கட்டின. ஆளுக்கொரு கல்லை எடுத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்து தேய்க்கவில்லை. எந்தக் கோணம், எவ்வளவு நீளம், எப்போது என்பதையெல்லாம் ஒருவர் முடிவு செய்தார், மற்றவர்கள் கத்தியை நீட்டினார்கள். இந்த வித்தியாசத்தைத்தான் பையன்கள் கேட்க மறுக்கிறார்கள்.

ஏன் ஆர்மரர் கையில் விட வேண்டும்? இங்கே கொஞ்சம் இரும்பைப் பற்றிப் பேச வேண்டும்.

என் தாத்தா டொங்காட் கரும்புத் தோட்டத்தில் வெட்டு வேலை பார்த்தவர். இடுப்பில் ஒரு அரம் எப்போதும் செருகியிருக்கும். கரும்பு வெட்டும் கத்தியை ஒரு நாளில் எத்தனை முறை தீட்டுவார் என்று கணக்கே இல்லை. கரும்பும் மண்ணும் ஓரத்தைத் தின்றுகொண்டே இருக்கும், அவரும் ராவிக்கொண்டே இருப்பார். ஒரு பருவம் முடிந்தால் கத்தி பாதியாகத் தேய்ந்திருக்கும், புதுசு வாங்கிக்கொள்வார்கள். அது தேய்வதற்கென்றே உள்ள கத்தி. அதில் அவர் எலெக்ட்ரிக் சாணையைத் தொட்டதே இல்லை. “சூடேத்தினா பதம் போயிரும்டா” என்பார். உலோகவியல் படித்தவரில்லை. ஆனால் நான் பயிற்சியில் படித்த முதல் பாடம் அதுதான்.

உருக்குக் கத்தியைச் சுழலும் கல்லில் அழுத்திப் பிடித்தால் ஓரம் நொடியில் சூடாகும். 220 டிகிரி செல்சியஸ் வாக்கில் வைக்கோல் நிறம் ஏறும், 300ஐ நெருங்கும்போது நீலம். நீலம் பார்த்துவிட்டால் அந்த இடத்தின் கடினம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மெல்லிய ஓரமும் முனையும்தான் முதலில் சூடாகிற இடங்கள். அதாவது எந்த இடம் உறுதியாக இருக்க வேண்டுமோ அதையே முதலில் கெடுப்போம். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே தகரம்.

பதம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. 1885 ஜனவரியில் சூடானில் அபு கிளீ சண்டையில் பிரிட்டிஷ் பயனெட்டுகள் குத்திய இடத்தில் வளைந்துபோயின. லண்டனில் அது பெரிய சர்ச்சையானது. தொழிற்சாலையிலிருந்து வந்த கத்திக்கே அந்தக் கதி என்றால், மாமா பட்டறையில் ஐந்து நிமிடம் தேய்த்த கத்திக்கு?

கடினம் மிகுந்தாலும் ஆபத்துதான், ஒடிந்துவிடும். பயனெட்டுக்கு வைக்கும் பதம் வளைவுக்கும் ஒடிவுக்கும் நடுவில் நிற்கும் ஒரு சமரசம். அதனால் அது சமையல் கத்தி போலக் கூர்மையைத் தாங்காது. மெல்லிசாகத் தீட்டினால் இரண்டு முறை கம்பியில் பட்டதும் ஓரம் மடங்கி வாய் விழும். கூடவே மேலே இருக்கும் கறுப்புப் பூச்சும் போய்விடுவதால், டர்பன் கடற்காற்றில் ஒரே வாரத்தில் துரு. அந்தத் துருவைத் தேய்த்தெடுக்க என்னிடம் வந்தவர்கள் முகத்தில் கத்தியைத் தீட்டிய வீரத்தில் பாதிகூட இருக்காது.

இனி ஒரு விபத்து. எந்தப் பிரிவு, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். ஒரு பையன் விடுப்பில் போனபோது தனக்கு வழங்கிய பயனெட்டையே எடுத்துக்கொண்டு போய்த் தீட்டி வந்துவிட்டான். அதை வெளியே கொண்டுபோக விட்டதே எங்கள் பக்கத்துத் தப்பு, அதை மறைக்க மாட்டேன். இரவுப் பயிற்சி, மழை. கழற்றி உறையில் போடு என்று கட்டளை. நாங்கள் எல்லோரும் இருட்டில் எப்படிச் செய்வோம் என்றால், இடது கையால் உறையின் வாயைப் பிடித்து, கட்டைவிரலால் தடவி முனையை வழிநடத்துவோம். மொட்டைக் கத்தியில் பத்து வருடம் செய்தாலும் ஒன்றும் ஆகாது. அவனுடைய கத்தி உறையின் பிளாஸ்டிக் வாயைச் சீவிக்கொண்டு கட்டைவிரலின் தசைநாரை அறுத்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தும் அந்த விரல் முழுதாக மடங்கவில்லை. அப்புறம் விசாரணை, சம்பளத்தில் பிடித்தம். எதிரி என்று ஒருவனை அவன் கண்ணால் கண்டதே இல்லை.

அணிவகுப்பிலும் இதே கதைதான். தோளோடு தோள் ஒட்டி நிற்கும்போது, வெயிலில் ஒருவன் மயங்கிச் சாய்ந்தால் அவன் துப்பாக்கி முனை யார் காதுக்குப் பக்கத்தில் போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

சொந்தப் பயனெட் கொண்டுபோகும் ஆசை இதைவிடச் சிக்கல். முதலில், மாட்டாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வளையத்தின் விட்டம் வேறு, கொக்கியின் இடம் வேறு. அடித்துச் செருகினாலும் ஆடும். குழலின் நுனியில் தொங்கும் எடை குண்டு போய் விழும் இடத்தையே மாற்றும். அதனால்தான் ரஷ்யர்கள் 1891 மாதிரி மோசின் துப்பாக்கியைப் பயனெட் மாட்டியபடியே குறி சரிபார்த்தார்கள். பிற்கால ஏகே வகைப் பயனெட்டுகளில் கத்தியின் துளையை உறையின் குமிழில் மாட்டினால் முள்கம்பி வெட்டும் கத்தரி ஆகிவிடும். கத்தி ஒரு ஊரிலும் உறை ஒரு ஊரிலும் வாங்கினால் அந்த வேலையும் நடக்காது.

இன்னொன்று, கணக்கு. படைக்கலக் கிடங்கில் ஒவ்வொரு பயனெட்டுக்கும் ஒரு எண் உண்டு. மாலையில் எண்ணும்போது ஒன்று குறைந்தாலும் முகாம் தூங்காது. அதில் கணக்கில் வராத கத்தி ஒன்று உலாவினால், நாளை ஒரு அடிதடியில் அது கிடைத்தால், யாருடையது என்று யார் சொல்வது? பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள் நாற்பது பேர் ஒரே கொட்டகையில் படுக்கிற இடம் அது.

போர்ச் சட்டம் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இதில் கட்டுக்கதைகள் அதிகம். முக்கோணப் பயனெட்டை ஜெனீவா ஒப்பந்தம் தடை செய்துவிட்டது என்று எல்லா முகாமிலும் சொல்வார்கள். அப்படி ஒரு வரி அந்த ஒப்பந்தங்களில் கிடையாது. இருப்பது பொதுவான விதி: தேவையற்ற துன்பம் தரும்படியான ஆயுதம் கூடாது என்று 1907 ஹேக் விதிகளின் 23ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டப் புத்தகத்தைவிட வேகமாக எதிரியின் கோபம் வேலை செய்யும். முதல் உலகப் போரில் ஜெர்மன் படையில் முதுகுப்புறம் ரம்பப் பல் வைத்த பயனெட் இருந்தது. விறகு, மரம் அறுக்கத்தான். எதிர்ப்பக்கத்தார் அதைச் சித்திரவதைக் கருவி என்றே நம்பினார்கள். அதோடு பிடிபட்டால் உயிர் தப்பாது என்ற பேச்சு பரவியதும், ஜெர்மானியர்களே பற்களைத் தேய்த்து எடுத்தார்கள், அப்புறம் அதைப் புழக்கத்திலிருந்தே விலக்கினார்கள். கத்தியில் உங்கள் கைவரிசையைக் காட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிபடுகிறவர் நீங்கள்தான்.

‘இந்தக் காலத்தில் பயனெட் எதற்கு’ என்று கேட்பவர்களுக்கு: 1982இல் ஃபாக்லாந்தின் டம்பிள்டவுன் மலையிலும், 2004இல் தெற்கு இராக்கிலும் பிரிட்டிஷ் வீரர்கள் பயனெட்டை மாட்டிக்கொண்டு எதிரியை நோக்கிப் பாய்ந்தார்கள். அமெரிக்கத் தரைப்படை 2010இல் அடிப்படைப் பயிற்சியிலிருந்து பயனெட் பாய்ச்சலை எடுத்துவிட்டது. எனக்கு இதில் பெரிய ஆர்வம் இல்லை.

ஒன்றை மட்டும் பையன்கள் பக்கம் நின்று சொல்வேன். கயிறு அறுக்க, டின் திறக்க, காயம்பட்டவன் சட்டையைக் கிழிக்க ஒரு நல்ல கூரான கத்தி தேவைப்படுகிறது. அதைக் கொடுக்காமல் மொட்டைப் பயனெட்டை மட்டும் கையில் கொடுத்தால், அவன் அதைத் தீட்டத்தான் செய்வான். பிராய் போட்டுத் தணலில் இறைச்சி சுடும்போது அதைத் திருப்பப் பயனெட்டை எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் என் யோசனை: அதிகாரியிடம் கேட்டு, அனுமதி வாங்கி, ஒரு மடக்குக் கத்தி வைத்துக்கொள். அதை எவ்வளவு வேண்டுமானாலும் தீட்டு. நானே தீட்டித் தருகிறேன், காசு வேண்டாம்.

இப்போது வீட்டில் இருக்கும் பழைய பயனெட்டுகள். இந்த மண்ணில் நடந்த போர்களில் நம்மவர்கள் பெரும்பாலும் ஆயுதம் இல்லாமல்தான் போனார்கள். 1899 டிசம்பரில் கொலென்சோவிலும் அடுத்த மாதம் ஸ்பியோன் கோப்பிலும் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்த நேட்டால் இந்திய ஆம்புலன்ஸ் படையில் சுமார் 1,100 பேர், அதில் 800 பேர் ஒப்பந்தக் கூலிகள். இரண்டாம் உலகப் போரிலும் லாரி ஓட்டினார்கள், ஸ்ட்ரெச்சர் தூக்கினார்கள். அப்படி வட ஆப்பிரிக்கா போய் வந்த ஒரு தாத்தா ஜெர்மன் பயனெட் ஒன்றை ஞாபகமாகக் கொண்டுவந்திருந்தார். 2021 ஜூலைக் கலவர வாரத்துக்குப் பிறகு அவருடைய பேரன் அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “அண்ணா, கார் சீட்டுக்கு அடியில் வைக்கணும், கொஞ்சம் கூர் பண்ணுங்க.”

பயம் எனக்கும் புரிந்தது. நானும் அந்த இரவுகளில் தூங்கவில்லை. ஆனால் 2013ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் தெளிவானது. தப்பான காரியத்துக்குப் பயன்படுத்தப் போகிறார் என்று நியாயமான சந்தேகம் எழும் சூழலில் அப்படிப்பட்ட பொருளோடு பிடிபட்டால் அபராதம், அல்லது மூன்று வருடம்வரை சிறை. மதச் சடங்கு, தொழில், முறையான சேகரிப்பு போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அதனால் தைப்பூசக் காவடியில் அலகு குத்துகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். புதிதாகத் தீட்டிய பயனெட் இருக்கைக்கு அடியில் கிடந்தால், அதைச் சேகரிப்பு என்று போலீஸ்காரரிடம் சொல்லிப் பாருங்கள்.

அவருடைய கத்தியைத் துடைத்துப் பார்த்தேன். கத்தியில் இருந்த எண்ணும் உறையில் இருந்த எண்ணும் ஒன்று. தொழிற்சாலையிலிருந்து சேர்ந்தே வந்த ஜோடி, எண்பது வருடமாகப் பிரியவில்லை. சேகரிப்பாளர்கள் முதலில் தேடுவது இதைத்தான். ஒரு முறை சாணையில் வைத்தால் அந்த மதிப்பு பொடியாய்ப் பறந்துவிடும். எண்ணெய் தடவி, உறையைத் தாங்கும் தோல் வாரிலிருந்து எடுத்துத் தனியாகச் சுற்றிக் கொடுத்தேன். தோல் ஈரத்தை இழுத்து இரும்பைக் கெடுக்கும். இப்போது அது அவர் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாத்தாவின் பதக்கத்தோடு இருக்கிறது.

தெருக்கோடிப் பையனுக்கு வருவோம். இவ்வளவும் கேட்டுவிட்டு, “அப்ப இதை என்ன பண்றது அங்கிள்?” என்றான். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கத்தியில் ஒரு எண், உறையில் வேறு எண். முனைக்குக் கீழே நீலம் ஓடியிருந்தது. யாரோ முன்பே சாணையில் வைத்திருக்கிறார்கள். என்ன விலைக்கு வாங்கினான் என்று கேட்டேன். சொன்னான். நல்ல விலைதான் என்று சொல்லி, எண்ணெய் போட்டு, அதே துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.